நோன்பு மாதத்து ஸ்பிலிட் பின்

இரத்மலானை,
8-12-1937

அன்புள்ள றலியாவுக்கு, ஜவாஹிர் ஸலாம் சொல்லி எழுதுவது.

நேற்றுக் காலை சுகமாக வந்து சேர்ந்தேன். கண்டியில் கோச்சி ஏறி, ரயில் பெட்டியில் இடமில்லாமல் ராகமை வரை நின்றுகொண்டே வந்தேன். நீ கட்டித் தந்த வட்டிலப்பம் நசுங்காமல் வந்தது. ஆனால் அதில் எனக்கு ஒரு விரல் அளவுதான் மிஞ்சியது. என்னோடு விமானக் கொட்டகையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து முத்துலிங்கத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவன் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "உம்மட மனிசிக்கு என்ர வணக்கத்தை எழுதும்" என்றான். எழுதிவிட்டேன்.

பெருநாள் சோற்றுச் சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது உன் வாப்பா சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. "மருமகன், கண்டி பஸ் கராஜில நல்லாத்தானே ஈந்தீங்க. கீழ போற வாகனம் பழுதானா ரோட்டோரம் நிக்கும். மேல போறது பழுதானா எங்க நிக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். உன் தம்பி கூடச் சிரித்தான். நான் வாயில் இருந்த கவளத்தை விழுங்கிவிட்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தேன். பேசியிருந்தால் பெருநாள் பெருநாளாக இருந்திருக்காது.

இப்போது ஒரு சேதி. இதை வாப்பாவிடம் சொல்லாதே. வருகிற பத்தொன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை போகம்பரை மைதானத்தில் கார்னிவல் நடக்கிறதாம். எங்கள் கம்பெனி விமானம் கண்டிக்கு மேலே வந்து வட்டமடித்து, கலர் நோட்டீஸ்களைக் கொட்டிவிட்டுத் திரும்பும். பின் ஆசனத்தில் பைலட் இருந்து ஓட்டுவார். முன்னால் ஒருவன் இருந்து நோட்டீஸ் வீச வேண்டும். நான் கண்டிக்காரன் என்பதால் இஞ்சினியர் துரை என்னைப் போகச் சொல்லிவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேலாக இந்த விமானத்தின் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், அதன் முதுகில் ஒரு நாளும் ஏறியதில்லை. நீ வாவிக் கரையில் வந்து நில். நான் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுவேன்.

இதை எழுதும்போது முத்துலிங்கம் எட்டிப் பார்த்து, "உது என்ன ஐசே, எறும்பு ஊர்ந்த மாதிரி?" என்று கேட்டான். அவனுக்கு எல்லோரும் 'ஐசே'தான். அரபு எழுத்தில் தமிழ் எழுதுவோம் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான். நல்லதுதான். நீ குர்ஆன் ஓதப் போன பள்ளியில் படித்த எழுத்து நம் இரண்டு பேருக்கும் பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி.

அவசரத்தில் என் காக்கிச் சட்டையையும் காற்சட்டையையும் அங்கேயே விட்டுவிட்டேன். துவைத்து அனுப்பு.

உன்,
ஜவாஹிர்


திகன,
11-12-1937

அன்புள்ள மச்சானுக்கு, றலியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் சுகம், கோழிகளும் சுகம், வாப்பாவும் சுகம். வரிசை பிசகிவிட்டது என்று வாப்பாவிடம் கோள் சொல்லாதீர்கள்.

உங்களோடு எனக்குக் கோபம். வாப்பா சொன்னது தப்புத்தான். ஆனால் போகும்போது தன் கடை வாசலில் நின்ற மனிதருக்கு ஒரு ஸலாம் கூடச் சொல்லாமல் பஸ்ஸில் ஏறினீர்களே, அது அதைவிடத் தப்பு. அன்றைக்கு முழுவதும் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் வாப்பா எரிந்து விழுந்தார். திட்டினவருக்குத்தான் உங்களை விட அதிகமாக நோகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி.

ஆகாயத்தில் வரப் போகிறீர்களாம், கைக்குட்டை ஆட்டுவீர்களாம். வாசித்ததுமே பயத்தில் ஒரு சூறா ஓதிக்கொண்டேன். பெருமையாகவும் இருக்கிறது, பொய் சொல்வானேன். பக்கத்து வீட்டு ஜெஸீமாவிடம் மட்டும் சொன்னேன். அவள் இனி ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை, திகன முழுக்கச் சொல்லிவிட்டாள். வாப்பாவின் காதுக்கு மட்டும் எப்படியோ இன்னும் எட்டவில்லை.

காக்கி உடுப்பை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கும்மினேன். எண்ணெய்க் கறை போகிறதாக இல்லை. சட்டைப் பையில் ஒரு சின்னக் கம்பி இருந்தது. தலையில் வளையம், கீழே இரண்டு கால். பல்லுக் குத்தவா வைத்திருக்கிறீர்கள்? எதுவானாலும் எனக்கு நல்ல உதவி. கோழிக்கூட்டுக் கொக்கிக்குப் போடுகிற ஆணி தொலைந்து நாலு நாளாகக் கீரி வந்து சுற்றிக்கொண்டிருந்தது. இந்தக் கம்பியைக் கொக்கி ஓட்டையில் விட்டு, இரண்டு காலையும் பாக்கு உரல் உலக்கையால் தட்டி இரண்டு பக்கமும் மடக்கிவிட்டேன். இனி கீரியின் வாப்பா வந்தாலும் திறக்க முடியாது. நானும் மெக்கானிக் பெண்டாட்டிதானே!

உடுப்புக் காய்ந்ததும் பார்சல் அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

றலியா


இரத்மலானை,
13-12-1937

றலியா,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. சுகம் விசாரிக்க நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே. நான் கேட்பதற்கு மட்டும் யோசித்துப் பதில் எழுது.

அந்தக் கம்பியை நீ பையிலிருந்து எடுத்தபோது அதன் கால்கள் எப்படி இருந்தன? நேராக ஒட்டிக்கொண்டு இருந்தனவா, விரிந்து வளைந்து இருந்தனவா? நீ உலக்கையால் தட்டுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று கேட்கிறேன். இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லாதே. இப்போது அது எனக்கு எதையும் சொல்லாது.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். அதன் பெயர் ஸ்பிலிட் பின். எஞ்சினின் வயிற்றுக்குள் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இரும்புத் தண்டுகள் இருக்கின்றன. அவற்றை நட்டுப் போட்டு இறுக்கி, நட்டு கழன்றுவிடாமல் அதன் குறுக்கே இந்தப் பின்னை விட்டுக் காலை மடக்கிவிட வேண்டும். பின் இல்லாத நட்டு ஓட ஓட மெல்லக் கழலும். கழன்றால் அந்தத் தண்டு எஞ்சினை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு விமானம் எங்கே நிற்கும் என்று உன் வாப்பா கேட்டாரே, அதுதான்.

பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை அந்த எஞ்சினைத் திறந்து நானும் முத்துலிங்கமும் வேலை செய்தோம். உனக்குத் தெரியும், எங்கள் வேலையில் பின்னையும் சின்ன ஆணியையும் உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வோம். பஸ் கராஜில் பழகியது. வாயில் உள்ளது தீர்ந்தால் வேலை தீர்ந்தது. நோன்பு பிடித்துக்கொண்டு இரும்பையும் எண்ணெயையும் வாயில் வைப்பதா என்று அந்த மாதம் முழுக்கப் பின்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது நான் கடைசி நட்டில் இருந்தேன். தலை சுற்றிக்கொண்டிருந்தது. "நீர் போய் நோன்பைத் திறவும், நான் பாக்கிறன்" என்றான் முத்துலிங்கம். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டேன். கடைசிப் பின்னைப் போட்டுவிட்டுப் போனேனா, போடாமல் போனேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பேரீச்சம்பழத்தின் ருசிதான் ஞாபகம் வருகிறது. வாயில் பின் இருந்திருந்தால் பழத்தை வைக்கும்போதாவது தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் நான் ஊருக்கு வந்துவிட்டேன். எஞ்சினை மூடியது முத்துலிங்கம். இஞ்சினியர் துரை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கால் வளைந்திருந்தால் அது நான் கழற்றிய பழைய பின். பயமில்லை. நேராக இருந்தால் புதியது, போட வேண்டிய இடத்தில் போடாதது. பெருநாளிலிருந்து அந்த எஞ்சின் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இனி ஒவ்வொரு முறை அது இறங்கும்போதுதான் எனக்கு உயிர் வரும். உடனே எழுது.

ஜவாஹிர்


திகன,
15-12-1937

மச்சான்,

கடிதத்தை வாசித்துவிட்டுக் கோழிக்கூட்டுக்கு ஓடினேன். கம்பியைக் கழற்ற வெகு நேரம் பிடித்தது. கொக்கியைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கம்பியை என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வளைந்ததுதான் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. எழுதினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். ஆனால் அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்கிறேன், அது நேராகத்தான் இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கொக்கி ஓட்டை சின்னது. அன்றைக்குக் கம்பி ஒரே தள்ளில் உள்ளே போனது. இன்று கழற்றிய பிறகு வளைந்த காலோடு திரும்ப விட்டுப் பார்த்தேன், போகவே இல்லை. காலை நிமிர்த்திப் பார்த்தேன், அப்போதும் நெளிவு இருந்து சிக்கியது. ஒரு தரம் வளைந்தது அப்படிச் சுகமாகப் போயிருக்காது, மச்சான். அது புதுசுதான். துவைக்கிற கல்லில் மினுங்கியது கூட ஞாபகம் இருக்கிறது.

நீங்கள் அதில் ஏறக் கூடாது. நான் கெஞ்சிக் கேட்கிறேன். துரையிடம் சொல்லுங்கள். சொல்லப் பயமாக இருந்தால் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல்காரனைத் தூக்கி விமானத்தில் போடமாட்டார்கள்தானே. எனக்கு உங்கள் வேலையும் வேண்டாம், கைக்குட்டையும் வேண்டாம். நீங்கள் தரையில் இருந்தால் போதும்.

அப்போதிருந்து சோறு இறங்கவில்லை. வாப்பா இரண்டு தரம், "என்ன புள்ள, முகம் ஏன் இப்பிடி ஈக்கிது?" என்று கேட்டார். தலையிடி என்றேன்.

றலியா


இரத்மலானை,
17-12-1937

அன்புள்ள றலியா,

நான் ஏறவில்லை. மனதை ஆற்றிக்கொள். நேற்று மத்தியானம் முதல் போர்வையைப் போர்த்திக்கொண்டு அறையில் கிடக்கிறேன். துரை ஆள் அனுப்பி விசாரித்தார். காய்ச்சல் என்றேன். எனக்குப் பதில் முத்துலிங்கத்தைப் போகச் சொல்லிவிட்டார். அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு வெள்ளைச் சட்டை இரவல் வாங்கி வைத்திருக்கிறான்.

நீ நினைப்பது எனக்குத் தெரியும். அவனிடம் கேட்டேன். படுக்குமுன் கேட்டேன். "அண்டைக்கு நான் போன பிறகு அந்தக் கடைசி நட்டு எப்படி?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "எல்லாம் சரிதானே ஐசே. துரையும் பாத்துத்தானே மூடினது. ஏன் கேக்கிறீர்?" என்றான். முகம் கொஞ்சம் கறுத்துவிட்டது. நான் அவனைச் சந்தேகப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ. அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெட்டியில் பின்கள் நிறையக் கிடக்கின்றன. நான் போடாததைக் கண்டு அவன் வேறொன்றை எடுத்துப் போட்டிருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும். என் பையில் ஒன்று மீந்தது, அவ்வளவுதான்.

துரையிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார். வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற இடம் இல்லை அது. எஞ்சினைக் கழற்றித் திறக்க வேண்டும். கார்னிவல் பயணம் நின்றுபோகும். திறந்து பார்த்துப் பின் இருந்துவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று துரத்துவார்கள், முத்துலிங்கம் என் முகத்தில் விழிக்கமாட்டான். இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திகனவில் வந்து இறங்கும்போது கடை வாசலில் உன் வாப்பா நிற்பார். அதை நினைத்தால் இந்தப் போர்வைக்குள்ளேயே கிடந்துவிடலாம் போலிருக்கிறது.

பத்து நாளுக்கு மேல் ஓடிய எஞ்சின் இன்னும் இரண்டு மணி நேரம் ஓடாதா? நீ ஒருவரிடமும் பேசாதே. துஆச் செய்.

ஜவாஹிர்


திகன,
19-12-1937, ஞாயிறு மாலை

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுப் பகல் வந்தது. பேசாதே என்று எழுதியிருந்தீர்கள். பேசிவிட்டேன். வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நான் உங்களைத்தான் ஏற வேண்டாம் என்றேன். இன்னொருவரை ஏற்றிவிடச் சொல்லவில்லை. அப்படி எழுதும்போது எனக்கும் அந்த நினைப்பு வரவில்லை. உங்கள் உயிர் மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. என் வட்டிலப்பத்தைத் தின்று வணக்கம் சொன்னவர் உங்கள் இடத்தில் ஏறப் போகிறார் என்று வாசித்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

வாப்பா சத்தம் போடுவார் என்று பயந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இத்தின சின்னச் சாமானா?" என்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் கண்டிக்குப் போனார். தபால் கந்தோரில் கிளாக்கரைப் பிடித்து, இங்கிலீசில் எழுதுவித்து, உங்கள் இஞ்சினியர் துரைக்குத் தந்தி அடித்தார். எஞ்சினில் ஒரு பின் போடவில்லை, பறக்க விடாதீர்கள் என்று. அடியில் மக்கீன், திகன என்று தன் பெயரைத்தான் போட்டார். "மருமகன்ட பேர நான் போடல்ல. அவர் தானா வாயத் தொறந்து செல்லட்டும்" என்றார் திரும்பி வந்து. உங்களைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

இனி விமானம் வராது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. இன்று வாப்பாவோடு கண்டிக்குப் போனேன். குண்டசாலையிலிருந்தே பஸ்ஸில் சனம் பிதுங்கி வழிந்தது, எல்லோரும் கார்னிவலுக்கு. வாவிக் கரையில் வாப்பா எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்துகொண்டு நின்றார்கள். நான் ஒருத்தி மட்டும், யா அல்லாஹ் வரக் கூடாது, வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்தது, மச்சான்.

முதலில் சத்தம்தான் கேட்டது. வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடித்ததற்குப் பிறகு இன்றுதான் பிடித்தார். மலைக்கு மேலாக வந்து, வாவியைச் சுற்றி மூன்று வட்டம் போட்டது. சனம் கத்திய கத்தில் எனக்கு எஞ்சின் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. வாயை மூடுங்கள் என்று எல்லோரையும் பார்த்துக் கத்த வேண்டும் போல இருந்தது. பச்சையும் சிவப்புமாகக் கடுதாசிகள் கொட்டின. முன்னால் ஒரு வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. அது வீசி முடித்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தது. யாருக்கு என்று ஆட்டினாரோ. நான் முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சூறா எல்லாம் ஓதினேன். கம்பி உள்ளங்கையில் குத்தியது.

பிறகு ஹந்தானை மலைப் பக்கமாகப் போய் மறைந்துவிட்டது. சத்தமும் நின்றது. தூரம் போனதால் நின்றதா, எஞ்சின் நின்றதா என்று எனக்குத் தெரியவில்லை. வாப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கார்னிவல் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டோம்.

தந்தி போகவில்லையா? போயும் பறக்க விட்டார்களா? அவர் இறங்கிவிட்டாரா? இதை மட்டும் உடனே எழுதுங்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. நீங்கள் துரையிடம் வாய் திறந்தீர்களா, இல்லையா? தந்தி வந்த பிறகு வேறு வழியில்லாமல் சொன்னீர்களா, அதற்கு முந்தியே சொன்னீர்களா? எதுவானாலும் நான் உங்கள் பெண்டாட்டிதான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

றலியா


இரத்மலானை,
22-12-1937

அன்புள்ள றலியா,

முதலில் உன் முதல் கேள்விக்குப் பதில். இறங்கிவிட்டான். முத்துலிங்கம் உயிரோடு, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறான், பைலட்டும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் அறைக்கு வந்தான். இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கோப்பை. "கொத்தமல்லி அவிச்ச தண்ணி. சுடச்சுடக் குடியும், காய்ச்சல் விட்டிடும்" என்றான். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடு குறைஞ்சிட்டுது" என்று சந்தோஷப்பட்டான். சூடு எப்போது இருந்தது, குறைவதற்கு? நான் அதைக் குடித்தேன். அவன் போன பிறகு, வெறும் கோப்பையைக் கட்டிலடியில் வைத்தபோதுதான் யாரை மேலே அனுப்புகிறேன் என்று உறைத்தது. போர்வையை எறிந்துவிட்டு வெறுங்காலோடு விமான மைதானத்துக்கு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது விமானம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. கையைக் காட்டிக் கத்தினேன். வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்து அவனும் கையைக் காட்டினான்.

துரை கொட்டகை வாசலில் நின்றார். அங்கேயே சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னேன். வாய், நோன்பு, பை, நீ கண்டெடுத்தது, காய்ச்சல் இல்லாதது, எல்லாம். அவர் முகம் வெளுத்துவிட்டது. திருப்பிக் கூப்பிட வழியில்லை. அதற்குப் பிறகு அவரும் நானும் அந்த வாசலிலேயே நின்றோம். நீ அங்கே பார்த்துக்கொண்டிருந்த அதே நேரம் நான் இங்கே வெறும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் விமானம் திரும்பி வரும் சத்தம் கேட்டது. இறங்கியதும் முத்துலிங்கம் குதித்து ஓடி வந்தான். "ஜவாஹிர்! உம்மட கண்டியைப் பாத்திட்டன் ஐசே. உம்மட மனிசி அங்க நிண்டிருப்பா எண்டு கையையும் காட்டினனான்!" என்றான். பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தான்.

அன்று மாலையே எஞ்சினைத் திறந்தோம். அந்த நட்டில் பின் இல்லை. நட்டு பாதி கழன்று, இரண்டு விரலால் சுற்றினால் சுழன்றது. துரை அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அவரும்தானே டோர்ச் அடித்துப் பார்த்தவர். முத்துலிங்கம் வெகு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நீர் போகேக்க உம்மட வாயைப் பாத்தனான். ஒண்டும் இல்லை. அதாலதான் எல்லாம் போட்டு முடிச்சிட்டீர் எண்டு நினைச்சன்" என்றான். அந்த மாதம் முழுக்க என் வாயில் ஒன்றும் இருக்கவில்லை என்பது அவனுக்கு நினைவு வரவில்லை. எனக்கும் அதை அவனிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நான் அவன் பார்ப்பான் என்று போனேன், அவன் நான் முடித்தேன் என்று மூடினான்.

உன் வாப்பாவின் தந்தி சனிக்கிழமை பின்னேரம் வந்து, கந்தோர் பூட்டியிருந்ததால் கதவிடுக்கில் கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை காலையில் பியோன் எடுத்துக் கொடுத்தான். துரை வாசித்துவிட்டு என் முன்னால் வைத்தார். மக்கீன் யார் என்று கேட்டார். என் மாமா என்றேன். ஆக, றலியா, நான் சொன்னது ஞாயிற்றுக்கிழமை, தந்தியைப் பார்த்தது திங்கட்கிழமை. நீ கேட்டதற்கு அதுதான் பதில். ஆனால் அதைப் பெருமையாக எழுதவில்லை. விமானம் தரையில் இருந்தபோது நான் சொல்லவில்லை. சனிக்கிழமை உன் வாப்பா செய்ததை வியாழக்கிழமையே நான் செய்திருக்கலாம்.

எனக்கு வேலை போய்விட்டது. துரை சத்தம் போடவில்லை. "பின்னை மறந்ததற்காக உன்னை அனுப்பவில்லை. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அந்தக் காய்ச்சலுக்காக அனுப்புகிறேன்" என்றார். முத்துலிங்கத்தை வைத்துக்கொண்டார். இனி ஒருவன் தொடங்கிய நட்டை அவனே முடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.

முத்துலிங்கம் என்னோடு பேசுவதில்லை. திங்கட்கிழமை ஒரு தரம்தான் பேசினான். "நான் மேல போகேக்க, உமக்குத் தெரிஞ்சிருந்தது. என்ன?" என்று கேட்டான். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவன் என் கட்டிலடியில் இருந்த கொத்தமல்லிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை வருகிறேன். உன் வாப்பா என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜவாஹிர்


திகன,
23-12-1937

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததும் பிரித்து, முத்துலிங்கம் இறங்கிவிட்டார் என்ற இடத்திலேயே நிறுத்தி இரண்டு ரக்அத் தொழுதேன். மீதியைப் பிறகுதான் வாசித்தேன். வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமையே துரையிடம் சொன்னீர்கள் என்று வந்த இடத்தில், "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை பஸ் நிற்கும் இடத்துக்குத் தானே வருவாராம். இந்த முறை ஸலாம் சொல்லிவிடுங்கள்.

கயிறு கட்டிய கோழிக்கூட்டைக் கீரி கடித்துத் திறந்து என் சிவப்புப் பெட்டைக் கோழியைக் கொண்டுபோய்விட்டது. அழுதேன். வேறொன்றுக்கும் அழ முடியாமல் இருந்ததால் கோழிக்காக நன்றாக அழுதேன். கம்பியைத் திரும்பக் கூட்டுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை, அது முந்தானையிலேயே இருக்கிறது.

துரை உங்களை எதற்காக அனுப்பினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காய்ச்சல் உங்களுடையது இல்லை, என்னுடையது. நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதை நான் மறக்கமாட்டேன், நீங்களும் உங்கள் ஒருவர் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வர முன் ஒரு வேலை இருக்கிறது. முத்துலிங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் கிழித்தாலும் பரவாயில்லை. இத்தனை நாளும் அவர் உயிரைப் பற்றி நாம் இரண்டு பேரும் மாறி மாறி எழுதினோம். அவருக்கு வாசிக்க வராத எழுத்தில் எழுதினோம். பக்கத்து அறையில் அவர் இருக்க, அவர் கண் முன்னாலேயே எழுதினோம். பூட்டுப் போட்ட பெட்டி என்று நீங்கள் சொன்னபோது எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது.

ஆகையால் எறும்பு ஊர்கிற எழுத்து வேண்டாம். அவருடைய எழுத்தில் எழுதுங்கள். அன்றைக்கு வாவிக் கரையில் நின்றேன் என்றும், அவர் ஆட்டிய கையைக் கண்டேன் என்றும் அதில் சேருங்கள். நானே எழுதியிருப்பேன், எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

உங்கள்,
றலியா